ஸ்டாட்டிக் லைன் ஜம்ப்மாஸ்டரா, ஃப்ரீஃபால் ஜம்ப்மாஸ்டரா?

விமானத்திலிருந்து குதிப்பவர்களைப் பரிசோதித்து வெளியே அனுப்பும் பொறுப்பாளர்தான் ஜம்ப்மாஸ்டர். அதற்கான இரண்டு பயிற்சிகளில் எதை எடுப்பது என்பது அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் பலருக்கு வரும் குழப்பம்.

இடம்: ஸ்டாட்டிக் லைனுக்கு ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் அல்லது வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக். ஃப்ரீஃபாலுக்கு அரிசோனாவின் யூமா, சுற்றிலும் பாலைவனம்.

உயரம்: முதலாவதில் பயிற்சிக் குதிப்பு 1,250 அடி அளவில்தான், விமானத்தில் மாட்டிய பட்டையே (அதுதான் ஸ்டாட்டிக் லைன்) பாராசூட்டை இழுத்துத் திறந்துவிடும். இரண்டாவதில் 25,000 அடி வரை போவார்கள். ஆக்சிஜன் முகமூடி வேண்டும், பாராசூட்டை நீங்களே திறக்க வேண்டும்.

கஷ்டம்: ஸ்டாட்டிக் லைனில் ஆளைக் கலங்கடிப்பது குதிப்பு இல்லை, பரிசோதனைத் தேர்வுதான். பாராசூட் மாட்டிய 3 பேர் நிற்பார்கள், அதில் ஒருவர் முழு மூட்டை முடிச்சோடு. 5 நிமிடத்துக்குள் தலைக்கவசத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கொக்கியையும் வாரையும் தொட்டுப் பார்த்து, வேண்டுமென்றே வைத்த பிழைகளைச் சொல்ல வேண்டும், கை போகும் இடத்துக்கே கண்ணும் போகணும். பெரிய பிழை ஒன்றை விட்டாலே தோல்வி. ஃப்ரீஃபாலில் வேறு தலைவலி, உயரத்துக்கு உயரம் மாறும் காற்றை வைத்து எங்கே வெளியேறுவது என்று கணக்குப் போடணும்.

பொறுப்பு: சி-17 விமானத்தில் 102 பேர் வரை ஏறலாம்; கதவுக்கு வெளியே உடம்பை நீட்டிப் பார்த்து அவர்களை அனுப்புவது ஸ்டாட்டிக் லைன்காரர். ஃப்ரீஃபாலில் சின்னக் குழுதான்.

82ஆவது வான்வழிப் பிரிவு மாதிரி படையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டாட்டிக் லைன். சீனியர் பாராசூட் பேட்ஜுக்கும் ஜம்ப்மாஸ்டர் தகுதி கட்டாயம். சிறப்புப் படையில் ஃப்ரீஃபால் குழுவில் இருப்பவருக்கு மட்டும் யூமா சரி.