சீ டே அன்னிக்கு எங்க உக்காரலாம்: பால்கனியா, பூல் டெக்கா, ப்ராமனேடா?

க்ரூஸ் புக் பண்றவங்க பாதிப் பேரு எந்த ஊர்ல கப்பல் நிக்கும், இறங்கி என்ன பாக்கலாம்னுதான் மண்டைய ஒடச்சிக்கறாங்க. நடுவுல எங்கயும் நிக்காம காலைலேந்து ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கற சீ டே பத்தி யாரும் பெருசா யோசிக்கறதில்ல, அன்னிக்கு ரெஸ்ட் எடுத்துக்கலாம்னு விட்டுடறாங்க. போர்ட் டே அன்னிக்கு நெறைய பேரு இறங்கிப் போயிடுவாங்க, கப்பல் காத்தாடும். சீ டே அன்னிக்கு அத்தன பேரும் உள்ளயேதான். ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி பெரிய கப்பல்ல ரூமுக்கு ரெண்டு பேர்னு கணக்கு போட்டாலே 5,610 பயணிகள், எல்லாக் கட்டிலும் நெறஞ்சா 7,600. அதனால எந்த இடம் சூப்பர்ங்கறத விட, எந்த இடம் எந்த நேரத்துல காலியா கிடக்கும்ங்கறதுதான் எனக்கு முக்கியம். அத வச்சுத்தான் இங்க எல்லாத்தையும் எடை போடறேன்.

மொதல்ல ரூம், பால்கனியா, கப்பலுக்கு உள்பக்கமா இருக்கற இன்சைடா. இது முடியாத சண்டை. பால்கனிக்காரங்க சொல்றது என்னன்னா, கூட்டமே இல்லாத ஒரே திறந்தவெளி அதுதான், நைட்டியோட காபி கப்ப வச்சிக்கிட்டு உக்காரலாம், சேர் பிடிக்க ஓட வேண்டாம். நியாயம்தான். கடல் மட்டத்துலேந்து ஒரு 30 மீட்டர் உயரத்துல இருந்தீங்கன்னா அடிவானம் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அவ்ளோ தூரத்துக்கும் வெறும் தண்ணி, சில பேருக்கு அது சொர்க்கம், சில பேருக்கு அரை மணில போரடிச்சிடும், நீங்க எந்த ரகம்னு புக் பண்றதுக்கு முன்னாடியே உங்கள நீங்களே கேட்டுக்கோங்க. அப்புறம் காத்து. கப்பல் வேகத்த நாட் (knot) கணக்குலதான் சொல்வாங்க, 20 நாட் வேகத்துல போகுதுன்னா மணிக்கு 37 கிலோமீட்டர், அதாவது வெளில காத்தே இல்லாத நாள்ல கூட கப்பல் ஓடறதுனாலயே அவ்ளோ காத்து எதிர்ல வரும். பால்கனில ரெண்டு பக்கமும் தடுப்பு இருக்கறதுனால தாங்கிடும், ஆனா பால்கனி கதவு தொறந்திருக்கும்போது யாராவது காரிடார் பக்கத்துக் கதவத் தொறந்தா போதும், மேஜைல இருக்கற பேப்பர் எல்லாம் பறந்து, கதவு படார்னு அறையும். குழந்தைங்க விரல் பத்திரம். வெயில் கதையும் இருக்கு, கப்பல் வடக்கப் பாத்து போகுதுன்னா காலை வெயில் வலது பக்க ரூம்களுக்கு, சாயங்கால வெயில் இடது பக்கத்துக்கு. ரூட் மேப்ப ஒரு தடவ பாத்துட்டு பக்கத்த தேர்ந்தெடுக்கலாம், பெரும்பாலானவங்க இத செய்யறதே இல்ல.

இன்சைட் ரூம்ல ஜன்னலே கிடையாது, லைட்ட அணைச்சா கும்மிருட்டு. அதான் அதோட குறை, அதான் அதோட பெருமையும். மதியம் சாப்டுட்டு ஒரு தூக்கம் போட்டா அது மாதிரி தூக்கம் வேற எங்கயும் வராது. ஆனா மணி என்னன்னே தெரியாது, அதுக்கு ஒரு வழி இருக்கு, டிவில கப்பலோட முன்பக்க கேமரா காட்டற சேனல் பல கப்பல்ல உண்டு, அத சத்தமில்லாம ஓட விட்டுத் தூங்கினா விடியறப்ப ரூமும் மெதுவா வெளிச்சமாகும். அட்லாண்டிக்க தாண்டற மாதிரி ட்ரிப்னா இது இன்னும் உதவும், ஏன்னா மேற்கால போறப்ப கடிகாரத்த பின்னாடி தள்ளித் தள்ளி சில நாள் 25 மணி நேரமாகும், கிழக்கால வந்தா 23 மணி நேரம்தான், உடம்பு குழம்பிடும்.

வாந்தி, தலைசுத்தல் வரும்னு பயப்படறவங்களுக்கு பால்கனியா இன்சைடாங்கறத விட ரூம் எங்க இருக்குங்கறதுதான் விஷயம். கப்பலோட நடுவுல, கீழ் டெக்ல, அதாவது கீழ் மாடில, ஆட்டம் கம்மி. முன்னாடி மூக்குப் பக்கமும் உச்சி டெக்கும்தான் ரொம்ப ஆடும். ஸ்டெபிலைசர்னு தண்ணிக்கு அடில ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி நீட்டி வைப்பாங்க, அது பக்கவாட்டு ஆட்டத்தத்தான் குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கித் தூக்கிப் போடறத அது பெருசா ஒண்ணும் பண்ணாது. இதுல ஒரு சிக்கல் பாருங்க, பால்கனி ரூம் பெரும்பாலும் மேல இருக்கும், அங்க ஆட்டம் ஜாஸ்தி, ஆனா தலைசுத்தறப்ப அடிவானத்தப் பாத்துக்கிட்டு இருந்தா சரியாகும், அது இன்சைட்ல முடியாது. என் கணக்கு: ட்ரிப்ல சீ டே ஒண்ணோ ரெண்டோதான்னா கீழ் டெக்ல நடு இன்சைட் போதும், வரிசையா சீ டே வருதுன்னா பால்கனி, அதுவும் நடுவுல கிடைச்சா மட்டும்.

அடுத்தது வெளில, பூல் டெக்கா, இல்ல கப்பல் ஓரமா நடக்கறதுக்குன்னு இருக்கற ப்ராமனேடா. காலைல ஏழு மணிக்கு பூல் டெக்குக்கு போய்ப் பாருங்க, மனுஷங்களே இருக்க மாட்டாங்க, ஆனா முன் வரிசை சேர்ல எல்லாம் டவல் விரிச்சு, ரெண்டு பக்கமும் கலர் கலரா க்ளிப் மாட்டி, மேல ஒத்த செருப்பும் ஒரு தடி புஸ்தகமும் வச்சிருப்பாங்க. ஆளு பதினோரு மணிக்குத்தான் வரும். பல கப்பல்ல அரை மணி, முக்கால் மணிக்கு மேல ஆள் இல்லன்னா டவல எடுத்துடுவோம்னு போர்டு இருக்கு, ஆனா அத நிஜமா செய்யற கப்பலும் உண்டு, போர்டோட விட்டுடற கப்பலும் உண்டு. பதினோரு மணிலேந்து மூணு மணி வரைக்கும் பாட்டு சத்தம், போட்டிகள், ஐஸ்க்ரீம் க்யூ, குளத்துல தண்ணிய விட ஆளுங்க ஜாஸ்தி. சந்தைக்கடை மாதிரி இருக்கும். அது பிடிச்சவங்களுக்கு அதுதான் சீ டேயே, நான் குறை சொல்லல. கடல் கொஞ்சம் கொந்தளிச்சா பூல் தண்ணியும் சேந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அடிச்சு வெளில கொட்டும், அப்ப வலை போட்டு மூடிடுவாங்க, அன்னிக்கு முழுக்க அவ்ளோதான்.

ப்ராமனேட் டெக் நேர் எதிர். லைஃப் போட் தொங்கற மட்டத்துல, அதுங்களுக்கு கீழ நிழல்ல இருக்கும், தண்ணி ரொம்ப கிட்டக்க. கப்பலோட பக்கத்துல வெள்ள நுரை கிழிஞ்சு போற சத்தம் இங்க கேக்கும், உச்சி டெக்ல அது கேக்கவே கேக்காது. வெப்பக் கடல்னா பறக்கும் மீனுங்க கூட்டமா எழும்பி சல்லுனு கொஞ்ச தூரம் போய் விழறத இங்கேந்துதான் பாக்க முடியும், மேலேந்து பாத்தா ஏதோ தெறிக்கற மாதிரிதான் இருக்கும். நடக்கறவங்களுக்கு இதான் இடம். க்வீன் மேரி 2 மாதிரி கப்பல்ல கப்பலயே முழுசா சுத்தி வரலாம், மூணு சுத்து சுத்தினா ஒரு மைலுக்கு கொஞ்சம் மேல வந்துடும். ஒரு பக்கம் காத்து முதுகத் தள்ளும், திரும்பினா மூஞ்சில அறையும், தொப்பி போடாதீங்க. பிரச்சினை என்னன்னா புதுப் பெரிய கப்பல் நெறையதுல ப்ராமனேடுங்கறத உள்ள கடைத்தெருவா மாத்திட்டாங்க, வெளில இருக்கறது மறைஞ்சு ஒதுங்கிக் கிடக்கும், சில கப்பல்ல பாதில முட்டிக்கிட்டு நிக்கும். புக் பண்றதுக்கு முன்னாடி டெக் ப்ளான்ல இது முழு வட்டமான்னு பாத்துக்கோங்க. எனக்கு ரெண்டுல ஒண்ணுன்னா ப்ராமனேட்தான், பூலுக்கு காலைல சீக்கிரமாவோ சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலயோ போனா போதும்.

மதிய சாப்பாட்ட சீக்கிரம் முடிச்சிடறேன். பஃபேல பன்னெண்டரைலேந்து ஒன்றரை வரைக்கும் தட்டு வச்சிக்கிட்டு டேபிள் தேடி அலைவீங்க. பல கப்பல்ல சீ டே அன்னிக்கு மெயின் டைனிங் ரூம மதியமும் தொறப்பாங்க, இது நெறைய பேருக்கு தெரியாது, உக்கார வச்சு பரிமாறுவாங்க, நேரம் ஆகும், ஆனா அன்னிக்கு நமக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்.

பொழுதுபோக்குல கசினோவும் டூட்டி ஃப்ரீ கடையும் பொதுவா துறைமுகத்துல மூடிக் கிடக்கும், அதுனால சீ டேதான் அவங்களுக்கு வியாபார நாள், சேல் டேபிள் எல்லாம் நடைபாதைல போட்டு வழிய மறிப்பாங்க. ஸ்பாவுக்கு போகணும்னா சீ டே வேண்டாம், தள்ளுபடி எல்லாம் போர்ட் டேலதான் குடுப்பாங்க. ட்ரிவியா க்விஸ் ஓசி, ஆனா வருஷா வருஷம் கப்பல்ல வர்ற ரிட்டயர்டு ஆளுங்க டீம் போட்டு உக்காந்திருப்பாங்க, அவங்களோட சேந்துக்கிட்டா ஜாலி, எதுத்தா கஷ்டம். கேப்டன் மத்தியானம் மைக்ல வந்து இப்ப எங்க இருக்கோம், என்ன வேகம், அடில எவ்ளோ ஆழம்னு சொல்றத மட்டும் விட்டுடாதீங்க.

ராத்திரி டின்னருக்கு ரெண்டு பந்தி வச்சிருக்கற கப்பல்ல மொத பந்தியா ரெண்டாவதான்னு கேப்பாங்க. குழந்தைங்க இருந்தா மொத பந்தி, மத்தவங்களுக்கு நான் ரெண்டாவததான் சொல்வேன், மொத பந்தில உக்காந்தா பல நாள் சூரியன் மறையறப்ப நீங்க சூப் குடிச்சிக்கிட்டு இருப்பீங்க. ஃபார்மல் நைட்டும் பெரும்பாலும் சீ டே அன்னிக்குத்தான் வைப்பாங்க, அதுக்கு முந்தின ஒரு மணி நேரம் லிஃப்ட் பக்கமே போக முடியாது, எல்லாரும் கோட்டு கவுன்ல போட்டோ எடுக்க வரிசைல நிப்பாங்க. ட்ரெஸ் பண்ண சோம்பலா இருந்தா பஃபே தொறந்துதான் இருக்கும், அதுவும் காலியா, அந்த நேரத்துல மேல ஹாட் டப்லயும் இடம் கிடைக்கும்.