லிஸ்பனில் கேட்காமல் வந்த ரொட்டி

லிஸ்பனை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். என் முழங்காலைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். 28ஆம் எண் டிராமுக்கு நீண்டிருந்த வரிசையைப் பார்த்து மலைத்து, நானும் கணவரும் நடந்தே சாவ் ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறினோம். வழுக்கும் சுண்ணாம்புக்கல் பாவிய சந்துகள், படிகள், மறுபடியும் படிகள். மாலையில் பைஷாவுக்கு இறங்கி வந்தபோது எங்கே உட்கார இடம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பைஷா, 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு சதுரங்கக் கட்டம் போன்ற நேர்த்தெருக்களோடு திரும்பக் கட்டப்பட்ட சமதளப் பகுதி. மேட்டில் ஏறிக் கால் ஓய்ந்தவர்கள் வந்து விழும் இடம் என்பது, வாசலில் மெனு அட்டையோடு நிற்பவர்களுக்கும் தெரியும்.

எங்களுக்கு வாய்த்தவர் "நமஸ்தே" என்றார். வாசல் பலகையில் 'சுட்ட மத்தி 12 யூரோ' என்று இருந்தது. "மேசா" என்று உள்ளே கைகாட்டினார். நம் மேசைதான், சாவி, ஜன்னல், அலமாரி போல அதுவும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். அந்தச் சொந்தத்தில் கொஞ்சம் மயங்கிவிட்டேன்.

உட்கார்ந்ததுமே ரொட்டி, ஆலிவ், சீஸ், சின்ன டப்பாவில் மத்தி விழுது எல்லாம் வந்து இறங்கின. நம் ஊர் ஓட்டலில் சட்னி வைப்பதைப் போல என்று எண்ணி ரொட்டியைப் பிய்த்தோம். பிறகுதான் மத்தி தீர்ந்துவிட்டது என்றார்கள். தட்டில் ஒரு பச்சை மீனைக் கொண்டுவந்து, இன்று காலை பிடித்தது, இருவருக்குச் சரியாக இருக்கும் என்றார் பரிமாறுபவர். விலை கேட்கவில்லை. முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பில் 127.93 யூரோ. மீன் 1.6 கிலோ, கிலோவுக்கு 58 யூரோ என்று 92.80. தலை, முள், குடல் எல்லாம் அந்த எடையில் அடக்கம். இரண்டு பாட்டில் தண்ணீர் 10. 'கூவேர்' என்ற பெயரில் அந்த ரொட்டி வகையறாவுக்கு 13.50. அடியில் பேனாவால் 'சர்வீஸ் 10%'.

"விடும்மா, ஊர் விட்டு ஊர் வந்து வம்பு எதற்கு?" என்று கணவர் பர்ஸை எடுத்தார். நான் விடவில்லை. விடுதி வரவேற்பறையில் ஒரு பெண் காலையிலேயே ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: போர்ச்சுகலில் ஒவ்வொரு உணவகமும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். "லிவ்ரு டி ரெக்லமசோயிஷ்" என்றேன். என் உச்சரிப்பு கேவலமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பரிமாறுபவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வழிந்து இறங்கியது. முதலாளி வந்தார்.

கேட்காத, தொடாத பண்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. தொட்டுவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே பிரிக்காத சீஸுக்கும் விழுதுக்கும் 7 யூரோ கழிந்தது. டிப்ஸ் அங்கே கட்டாயம் இல்லை. பேனாவால் எழுதிய 11.63 அதே பேனாவால் அடிபட்டது. ரொட்டிக்கும் ஆலிவுக்கும் 6.50 கொடுத்தோம். மீனுக்குப் பேச வழியில்லை. எலும்பு மட்டும்தான் தட்டில் இருந்தது. மொத்தம் 109.30.

புகாரையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். வெளிப்பலகை மத்தியையும், விலை சொல்லாத மீனையும் பற்றி ஒரு பக்கம். ஒரு நகல் நமக்குத் தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீன் வாங்கினால் விலை தட்டுக்கா கிலோவுக்கா என்று கேட்டு, எடை போட்டுத் தொகையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வாசல் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

மறுநாள் மதியம் கிராசா மேட்டில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். ரொட்டிக் கூடை வந்ததும் இருவருமே கையை மடியில் வைத்துக்கொண்டோம். வேண்டாம் என்று தலையாட்டியதும், கடைக்காரப் பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் கூடையைத் தூக்கிப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.