பாதி மூட்டா, முழு மூட்டா? நடையை வைத்து நான் எடுத்த முடிவு

என் வலது முட்டியில் உட்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருந்தது. முட்டி முழுவதையும் மாற்றும் முழு மூட்டு மாற்று, தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்று இரண்டில் எதையும் செய்யலாம் என்றார் மருத்துவர். நான் பகுதியைத் தேர்ந்தெடுத்தேன். வெட்டு சிறியது, சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என்னை முடிவெடுக்க வைத்தது நடை.

முட்டியின் நடுவில் குறுக்காக இரண்டு ஜவ்வுகள் உண்டு: முன்னால் ஏசிஎல், பின்னால் பிசிஎல். முழு மாற்றில் பெரும்பாலும் ஏசிஎல்லை எடுத்துவிடுவார்கள். பிசிஎல்லை விட்டுவைப்பது ஒரு வகை. அதையும் எடுத்துவிட்டு, செயற்கை மூட்டில் (இம்ப்ளாண்ட்) உள்ள பிளாஸ்டிக் தட்டின் நடுவே ஒரு முளை வைத்துத் தொடை எலும்பு முன்னே நழுவாமல் தடுப்பது இன்னொரு வகை. முதல் வகையில், முட்டியை மடக்கும்போது பின்னே போக வேண்டிய தொடை எலும்பு சிலருக்கு முன்னே சறுக்குவதை நகரும் எக்ஸ்ரே படங்களில் பார்த்திருக்கிறார்கள். சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. படி இறங்கும்போது காலை நம்ப முடியாத மாதிரி இருக்கலாம். சாதாரணமாக நடந்தாலே முட்டியில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை இறங்குகிறது, படியில் இன்னும் அதிகம். பகுதி மாற்றில் இரண்டு ஜவ்வுகளும் அப்படியே இருக்கும். ட்ரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்த்த ஆய்வுகளிலும், பகுதி மாற்று செய்தவர்களின் வேகமும் எட்டுவைக்கும் நீளமும்தான் நல்ல முட்டிக்காரர்களுக்கு நெருக்கமாக இருந்தன.

ஆனால் எந்த இம்ப்ளாண்டும் பழைய நடையை மாற்றித் தராது. வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் முட்டியை மடக்காமல், விறைப்பாக ஊன்றி நடந்திருப்போம். தொடையின் முன்தசை மெலிந்திருக்கும், பாரமெல்லாம் அடுத்த காலுக்குப் போயிருக்கும். வலி போன பிறகும் அந்தப் பழக்கம் தொடரும். அதனால் தொடைத் தசைப் பயிற்சியை அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்குங்கள். நடப்பதை வீட்டில் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், சாய்வது உடனே தெரியும்.

சரி, முழு மாற்றின் பலம் ஆயுள். 2019-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, 25 ஆண்டு தாங்குவது முழு மாற்றில் 82 சதவீதம், பகுதியில் 70. பகுதி மாற்றில் மறுபக்கம் பிற்காலத்தில் தேயலாம், அப்போது முழு மாற்றுக்குப் போக வேண்டிவரும். எனக்குச் சில வருட அனுபவம்தான் இருக்கிறது. இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

முடக்குவாதம் உள்ளவர்கள், ஏசிஎல் அறுந்தவர்கள், இரண்டு பக்கமும் தேய்ந்தவர்கள் முழு மாற்றுக்கே போகலாம். உட்பக்கம் மட்டும் தேய்ந்தவர்கள், வருடத்துக்கு எத்தனை பகுதி மாற்று செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். எப்போதாவது மட்டும் செய்பவர்களிடம் மறு அறுவைக்குப் போவது அதிகம்.