யாரை நடுவராக நிறுத்துவது? வன்னிச் சுற்றுப்போட்டிகளுக்கு நான்கு வழிகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் கிரிக்கெட் சுற்றுப்போட்டி வைக்கும் கழகங்களுக்கு நடுவர் விடயத்தில் நான்கு வழிகள் உண்டு. துடுப்பெடுத்தாடும் அணியே ஆளைத் தருவது, மூன்றாவது கழகத்திலிருந்து இருவரை நிறுத்துவது, பயிற்சி பெற்றவர்களைக் காசு கொடுத்து அழைப்பது, சந்தேகம் வந்தால் போன் வீடியோவைப் பார்ப்பது. சர்வதேச கிரிக்கெட்டும் ஏறக்குறைய இதே வழிகளில்தான் நடந்து வந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் அடியும் பட்டிருக்கிறது.

முதல் வழிக்குச் செலவே இல்லை. 1990கள் வரை டெஸ்ட் போட்டிகளும் இப்படித்தான் நடந்தன. எந்த நாட்டில் ஆட்டமோ அந்த நாட்டவரே நடுவர். 1987இல் பைசலாபாத்தில் இங்கிலாந்துத் தலைவர் மைக் கட்டிங்கும் நடுவர் சக்கூர் ரானாவும் விரல் நீட்டிச் சண்டை பிடித்ததில் ஒரு நாள் ஆட்டமே நடக்கவில்லை. கட்டிங் கைப்பட மன்னிப்பு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. இதற்கு முந்தைய ஆண்டே, மேற்கிந்தியத் தீவுகளுடனான தொடருக்குப் பாகிஸ்தான் இந்திய நடுவர்களை அழைத்திருந்தது. 1994இலிருந்து ஒரு நடுவர் வெளிநாட்டவர், 2002இலிருந்து இருவருமே வெளிநாட்டவர் என்று ஆனது. உள்நாட்டு நடுவர் எல்லோரும் கள்ளம் செய்தார்கள் என்பதல்ல காரணம். அவர் சரியாகத் தீர்ப்புச் சொன்னாலும் எதிரணி நம்பாது என்ற நிலை வந்துவிட்டது.

எங்கள் மைதானங்களில் இதைவிட மோசம். அடுத்ததாக ஆட இறங்க வேண்டியவர் அரைமனதோடு போய் நிற்பார். நூலிழை ரன் அவுட்டில் தன் அணித் தோழனுக்கு அவுட் கொடுத்தால் கொட்டிலுக்குத் திரும்பும்போது பேச்சு வாங்குவார். கொடுக்காவிட்டால் எதிரணியிடம் வாங்குவார். நட்பு ஆட்டத்துக்கு இது போதும். வேறு ஆளே இல்லாத இடத்தில், களத்தடுப்பு அணியின் மேலதிக வீரர் ஒருவரையும் துடுப்பாட்ட அணியின் ஒருவரையும் இரு முனைகளிலும் நிறுத்துங்கள். ஓவருக்கு ஓவர் அவர்களின் வேலை மாறிக்கொண்டே வருவதால் சந்தேகம் பாதியாகும்.

மூன்றாவது கழகத்து நடுவர்தான் பெரும்பாலான சுற்றுப்போட்டிகளுக்குப் பொருத்தமானவர். ஆனால் நடுநிலை வேறு, திறமை வேறு. 2008 சிட்னி டெஸ்டில் நின்ற ஸ்டீவ் பக்னர் ஜமேக்காக்காரர், மார்க் பென்சன் இங்கிலாந்துக்காரர். அவுஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் அவர்களுக்கு ஒரு சாய்வும் இல்லை. ஆனாலும் அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ஓட்டங்களில் தெளிவாக விளிம்பில் தட்டியதற்கு அவுட் கொடுக்கப்படவில்லை. அவர் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். அடுத்த பேர்த் டெஸ்டுக்குப் பக்னரை மாற்றினார்கள்.

ஆகவே மூன்றாவது கழகத்து ஆளுக்குச் சில விடயங்களைச் சொல்லிக்கொடுத்தே அனுப்ப வேண்டும். பந்துவீசும் முனையில் நடக்கும் ரன் அவுட் தவறுகளில் பல, நடுவர் ஸ்டம்புக்குப் பின்னால் அசையாமல் நிற்பதால் வருபவை. அங்கிருந்து பார்த்தால் துடுப்பு கோட்டைத் தொட்டதா என்பது தெரியவே தெரியாது. பந்து போன பக்கமாக விரைந்து விலகி, கிறீஸ் என்ற அந்தக் கோட்டுக்கு நேரே வந்து, ஓட்டத்தை நிறுத்தி, அசையாமல் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்த தீர்ப்பு பிழையாகும். துடுப்பாட்டக்காரருக்குப் பக்கவாட்டில் நிற்கும் ஸ்குயர் லெக் நடுவரும் கோட்டுக்கு நேராகவே நிற்க வேண்டும், நிழல் தேடி நகரக் கூடாது. கோட்டின் மேல் மட்டும் துடுப்பு இருந்தால் அது அவுட். பின் விளிம்பைத் தாண்டி உள்ளே ஊன்றியிருக்க வேண்டும். இதை அறியாத நடுவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

ஆளைத் தெரிவுசெய்வதிலும் கவனம் தேவை. வெல்பவரோடு அடுத்த சுற்றில் மோதப்போகும் கழகம் நடுநிலைக் கழகம் அல்ல. மறு பாதிக் குழுவிலிருந்தோ ஏற்கெனவே வெளியேறிய அணியிலிருந்தோ எடுங்கள். பக்கத்துக் கிராமம் என்றால் மாமன் மச்சான் உறவும் இருக்கும், அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

காசு கொடுத்து அழைக்கும் நடுவர் கடினப்பந்துக்குக் கட்டாயம். எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் அவுட்) இருக்கும் ஆட்டத்தைப் பழகாதவரிடம் கொடுப்பது அநியாயம். மென்பந்தில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் போதும். ஒருவரை அல்ல, இருவரைச் சேர்த்தே அழையுங்கள். கொடுப்பனவோடு போக்குவரத்தும் சாப்பாடும் கணக்கில் இருக்கட்டும். இங்கே பிழை வருவது பெரும்பாலும் உள்ளூர் விதிகளால்தான்: எல்பிடபிள்யூ இல்லை, மரத்தில் பட்டால் இத்தனை ஓட்டம், வைட் கோடு இந்த இடத்தில் என்பதெல்லாம் வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது. முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். முழங்கையை மடக்கி நிமிர்த்திப் பந்தை எறிகிறார் என்ற முறைப்பாட்டுக்கும் விதி வேண்டும். 1995 மெல்பேர்ண் டெஸ்டில் நடுவர் டரல் ஹெயர் இலங்கையின் முரளிதரனுக்கு 7 தடவை நோபோல் (விதிமீறிய பந்து) கொடுத்தார். 1999 அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் கொடுத்தபோது இலங்கைத் தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்கு அழைத்துப் போனார். முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று பின்னர் எல்லை வகுத்த ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் சபை), அதை ஆய்வுகூடத்தில் அளக்கிறது, வெறுங்கண்ணால் முடியாது. அப்பட்டமான எறிதலுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, மறுபடி எறிந்தால் அந்த இன்னிங்ஸில் பந்துவீசத் தடை. அதற்கு மேல் நோண்ட வேண்டாம்.

போன் வீடியோவில்தான் ஆசை அதிகம், விளக்கக் குறைவும் அதிகம். சாதாரணப் பதிவு நொடிக்கு 30 படங்கள். வேகமாக ஓடிவரும் ஒருவர் நொடிக்கு 7 மீற்றர் கடந்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 23 சென்றிமீற்றர் போய்விடுவார். ஸ்டம்புகளின் மேல் இருக்கும் பெயில்ஸ் எழும்பிய கணம் அந்த இடைவெளிக்குள் விழுந்தால் வீடியோ ஒன்றும் சொல்லாது. நொடிக்கு 60 என்றால் இடைவெளி 12 சென்றிமீற்றர், 240 என்றால் 3. ஆகவே போனை வாங்கியதும் அமைப்பில் 60க்காவது மாற்றுங்கள். கம்பத்தில் இறுக்கிக் கட்டி, கிறீஸ் கோட்டுக்கு நேர் நீட்சியில் வையுங்கள். ஒரு பக்கம் விலகி இருந்தால், நிலத்தைத் தொடாமல் காற்றில் இருக்கும் துடுப்பு கோட்டைத் தாண்டியதுபோலக் காட்டும். முனைக்கு ஒன்றாக இரண்டு போன் குறைந்தபட்சம். களத்தடுப்பாளர் மறைத்துக்கொண்டால் அதுவும் பயன்படாது. மதிய வெயிலில் போன் சூடேறிப் பதிவை நிறுத்திவிடும், நிழல் கட்டாயம்.

இன்னொன்று, சோளகக் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை திறந்த வெளியில் பெயில்ஸ் நிற்காது, தூக்கிவிட்டே ஆடுவோம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. விக்கெட் உடைந்ததா என்பதை நடுவர் தன் கண்ணால் தீர்மானிப்பார். பந்து ஸ்டம்பை மெல்ல உரசிப் போனால் வீடியோவில் அந்தக் கணம் பிடிபடாது. பெயில்ஸ் இல்லாத நாளில் வீடியோ மீளாய்வும் இல்லை என்று அறிவித்துவிடுவதே நேர்மை.

எதை மீளாய்வு செய்யலாம் என்ற பட்டியலும் வேண்டும். 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் ஆப்கானிஸ்தானுடனான மூன்றாவது ரி20இன் கடைசி ஓவரில் நிலத்தில் படாமல் இடுப்புக்கு மேல் வந்த பந்துக்கு நோபோல் கிடைக்கவில்லை. அந்த வகை நோபோலை அணிகள் மீளாய்வுக்குக் கேட்க விதியில் இடமே இல்லை. இலங்கை 3 ஓட்டங்களால் தோற்றது. நடுவரைத் திட்டிய இலங்கைத் தலைவர் வனிந்து ஹசரங்கவுக்கு, நடத்தைக்காக முன்பு விழுந்த குறைப் புள்ளிகளும் சேர, இரண்டு ஆட்டத் தடை விழுந்தது. கோபத்தில் நியாயம் இருந்தது; திட்டியதில் இல்லை. மென்பந்தில் இந்த நோபோல்தான் அடிக்கடி வரும் சண்டை. துடுப்பாட்டக்காரர் நிலையெடுக்கும்போது கிறீஸில் ஒரு தடவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஸ்குயர் லெக் நடுவர் அவரின் இடுப்பு உயரத்தை மனதில் குறித்துக்கொள்ளட்டும். வீடியோவை ரன் அவுட்டுக்கும் ஸ்டம்பிங்குக்கும் மட்டும் வையுங்கள். அணிக்கு ஒரு தடவை, கேட்க 15 வினாடி. தெளிவில்லாவிட்டால் கள நடுவரின் தீர்ப்பே நிற்கும்.

இந்த நான்கில் எதைத் தெரிவுசெய்தாலும், நடத்தைக்குத் தண்டனை கொடுக்கும் அதிகாரம் நடுவர் கையில் அந்த இடத்திலேயே இல்லாவிட்டால் பயனில்லை. 2018 மார்ச்சில் கொழும்பில், சுதந்திரக் கிண்ண ஆட்டத்தின் கடைசி ஓவரில், பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் தன் துடுப்பாட்டக்காரர்களை வெளியே வரச் சொன்னார். உடைமாற்றும் அறையின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. தண்டனை, ஆட்டக் கட்டணத்தில் 25 வீதமும் ஒரு குறைப் புள்ளியும். ஆட்டக் கட்டணமே இல்லாத எங்கள் பையன்களிடம் இந்த முறை செல்லாது. 2017 சட்டத்தொகுப்பின் 42ஆவது விதியைத்தான் எடுக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்துக் கைகாட்டினால் முதலில் எச்சரிக்கை, அணி மறுபடி செய்தால் எதிரணிக்கு 5 ஓட்டம். கடுமையாக எதிர்த்தால் நேரே 5 ஓட்டம். நடுவரை மிரட்டினால் 5 ஓட்டத்தோடு, இன்னிங்ஸின் ஐந்திலொரு பங்கு ஓவர்களுக்கு வெளியே. 10 ஓவர் ஆட்டத்தில் அது 2 ஓவர். கை வைத்தால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே. 6 ஓவர் ஆட்டத்தில் 5 ஓட்டம் வெற்றியையே தீர்மானிக்கும் என்பதால், இதை உண்மையாக ஒரு தடவை கொடுத்தாலே மற்ற அணிகள் அடங்கும்.

அணி வெளிநடப்புச் செய்தால் என்ன செய்வது என்பதை 2006 ஓவல் டெஸ்டில் பார்த்தோம். பந்தைச் சேதப்படுத்தியதாக 5 ஓட்டம் கொடுத்ததற்கு எதிராக, தேநீருக்குப் பின் பாகிஸ்தான் இறங்கவில்லை. நடுவர்கள் பெயில்ஸைத் தட்டிவிட்டு இங்கிலாந்துக்கு வெற்றி என்றார்கள். பிறகு பாகிஸ்தான் இறங்கியும் அவர்கள் திரும்பவில்லை. உங்கள் விதித்தாளில் படிகள் இருக்கட்டும்: இரு நடுவரும் தலைவரிடம் நேரில் போய் ஆட மறுக்கிறீர்களா என்று கேட்பது, மறுத்தால் விளைவைச் சொல்வது, 5 நிமிடம் கொடுப்பது, நேரத்தைப் புள்ளிப் புத்தகத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது, அதன் பின் அறிவிப்பது. அறிவித்ததை மாற்ற ஏற்பாட்டுக்குழுவுக்கு அதிகாரம் இல்லை என்ற வரியையும் சேருங்கள். ஓவல் முடிவை ஐசிசி 2008இல் சமநிலை என்று மாற்றி, 2009இல் மீண்டும் இங்கிலாந்தின் வெற்றி என்று திருப்பியது.