அலுவலக நெட்வொர்க் மாறி மூன்று வருடம்: ஒரு பல்கலைக்கழக ஊழியரின் கணக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களுக்கான நெட்வொர்க்கை அடியோடு மாற்றியது 2022 கோடை விடுமுறையில். நான் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். மார்க் ஏற்றுவது, ஏரியர் பட்டியல் பார்ப்பது, சான்றிதழ் உண்மைத்தன்மை கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் போடுவது என்று நெட் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நகராத வேலை. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். தான். தொடங்கிய மாதமே எழுத உட்கார்ந்திருந்தால் வேகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பேன். மூன்று வருடம் பழகிவிட்டு எழுதுவதால் பாஸ்வேர்டு புராணம்தான் அதிகம் வருகிறது.

முன்பு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் புரியும். காலையில் வந்ததும் பிரவுசரில் ஒரு லாகின் பக்கம் வரும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அதுவாக வெளியே தள்ளிவிடும். முப்பது பேரின் மார்க்கைப் பார்த்துப் பார்த்து அடித்துவிட்டு சேமிக்கப் போனால் மறுபடி அதே லாகின் பக்கம் வந்து நிற்கும். அடித்தது போயே போச்சு. நெட்டுக்கு, மெயிலுக்கு, சம்பளச் சீட்டுக்கு, விடுப்பு விண்ணப்பத்துக்கு என்று ஆளுக்கு நாலு பாஸ்வேர்டு. எங்கள் செக்‌ஷனில் கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வைஃபை வேண்டுமென்று ஒரு பிரிவில் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து தப்பான ஓட்டையில் செருகிவிட்டார்கள். அது தன் பாட்டுக்கு அந்த மாடியில் இருந்த எல்லா சிஸ்டத்துக்கும் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் உள்ள அடையாள எண்) வழங்க ஆரம்பித்து, அரை நாள் ஒருத்தருக்கும் நெட் வரவில்லை. கடைசியில் பீரோவுக்குப் பின்னாலிருந்து அதைப் பிடித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து வளாகத்துக்கு வரும் லைன் அப்போதே நன்றாகத்தான் இருந்தது. 2010-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய அறிவு வலையமைப்பின் (கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் அதிவேக நெட்வொர்க்) வழியாக 1 ஜிபிபிஎஸ், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ் இணைப்பு எங்களுக்கு வந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. ஏரி நிறையத் தண்ணீர். வாய்க்கால்தான் தூர்ந்து கிடந்தது. கட்டடத்துக்குக் கட்டடம் பழைய லைன், காரிடாரில் தூசி அடைந்த சுவிட்ச் (லேன் ஒயர்களைச் சேர்த்து நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் கருவி), ஜன்னல் வழியாகத் தொங்கும் ஒயர். 2022-ல் மாற்றியதெல்லாம் இந்த வாய்க்காலைத்தான். கட்டடங்களுக்கு இடையே புதிய ஃபைபர், அறைக்குள் கேட்-6 ரக லேன் ஒயர், கூரையில் வைஃபை 6 பெட்டிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஐ.டி.

வேகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்ததா? இல்லை. பக்கத்து மேஜையில் மேடம் ஒரு பெரிய பி.டி.எஃப். ஃபைலை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். என் சிஸ்டத்தில் அது பாதிகூட வந்திருக்காது. நாலு மாதம் என் சிஸ்டம் கிழம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்த ஒப்பந்தத் தம்பி ஒருவர், நெட்வொர்க் அமைப்பைத் திறந்து காட்டி, “சார், உங்களுக்கு நூறுலதான் நிக்குது” என்றார். சுவரில் ஒரு முனை, மேஜையில் ஒரு முனை என்று சின்ன டெஸ்டரை மாட்டினார். எட்டு விளக்குகள் ஒன்றிலிருந்து வரிசையாக எரிய வேண்டும். ஆறு வரை எரிந்தது, ஏழு இருட்டு, எட்டு எரிந்தது. லேன் ஒயருக்குள் எட்டு இழைகள். நூறு எம்பிபிஎஸ் வேகத்துக்கு அதில் நாலு போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். ஏழாவது இழை பிளக்குக்குள் சரியாக உட்காராததால், என் சிஸ்டமும் சுவிட்சும் தங்களுக்குள் பேசி நூறிலேயே சமாதானமாகிவிட்டன. நெட் வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தம்பி முனையை வெட்டி, இழைகளை நிற வரிசையில் அடுக்கி, புது பிளக்கை வைத்து இடுக்கியால் அழுத்தி கிரிம்பிங் செய்தார். பத்து நிமிட வேலை. உங்கள் அலுவலகத்திலும் ஒருத்தருக்கு மட்டும் மெதுவாக இருந்தால், சிஸ்டத்தைத் திட்டுவதற்கு முன் நெட்வொர்க் அமைப்பில் தெரியும் இந்த வேக எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஐ.டி. என்பது கேட்க சுகமாக இருந்தது. பழகவும் சுகம்தான், தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வரை. மாற்றிய மறுநாள் காலை பத்தேகாலுக்கு என் கணக்கு பூட்டிக்கொண்டது. போன் போட்டுத் திறக்கச் சொன்னேன், திறந்தார்கள். அடுத்த நாளும் அதே பத்தேகால். ஒரு வாரம் இப்படி. யாரோ என் பெயரில் நுழையப் பார்க்கிறார்கள் என்றே பயந்துவிட்டேன். மதிப்பெண் கையாளும் பிரிவு, பயம் வராமல் இருக்குமா? கடைசியில் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள்: பழைய பாஸ்வேர்டோடு ஒரு போன் எங்கள் மாடி வைஃபையில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறதாம். தேடினால், என் மேஜையின் கீழ் டிராயரில் கிடக்கும் பழைய போன்! ஓ.டி.பி.க்காக மட்டும் வைத்திருந்த இரண்டாவது சிம் அதில் இருக்கிறது. தினமும் வந்ததும் அதைச் சார்ஜில் போடுவது என் வழக்கம். உயிர் வந்ததும் அது தனக்குத் தெரிந்த பழைய பாஸ்வேர்டைக் கொடுக்கும், மறுப்பார்கள், மறுபடி கொடுக்கும். ஐந்து தப்பு ஆனதும் கணக்கு பூட்டு. திருடனைப் பிடிக்கப் போய் வீட்டு நாயைப் பிடித்த கதை.

இந்த மூன்று மாதக் கெடுவை நான் இன்னமும் ஏற்கவில்லை. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2017-லேயே தன் வழிகாட்டுதலில், திருட்டுப் போனதற்கு அறிகுறி இல்லாமல் பாஸ்வேர்டைக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டது. காரணமும் எளிது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். எங்கள் செக்‌ஷனில் அதுதான் நடந்தது. இரண்டாவது வருடம் கெடுவை ஒரு வருடமாகத் தளர்த்தினார்கள். கீபோர்டுக்கு அடியில் ஸ்டிக்கர் காணாமல் போனது அதற்கப்புறம்தான்.

பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓ.டி.பி.யும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு நல்லதுதான், அதை எதிர்த்து ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வினாத்தாள் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. உள்ளே சிஸ்டத்தில் நுழையவோ போனில் வரும் ஓ.டி.பி. வேண்டும். முதல் பருவத் தேர்வில் ஒருவர் உள்ளே ஐ.டி. அடிக்க, இன்னொருவர் வெளியே போனைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகப் படிக்க, காரிடார் முழுக்க ரகசிய எண் ஒலித்தது. இப்போது அந்த அறைக்கு மட்டும் ஓ.டி.பி.க்குப் பதிலாக யு.எஸ்.பி. சாவி கொடுத்திருக்கிறார்கள். செருகி, தொட்டால் போதும். கேட்டு வாங்க ஏழு மாதம் ஆனது.

மனம் நிறைந்து பாராட்ட ஒன்று உண்டு: எஜுரோம். ஐரோப்பாவில் 2000-களின் தொடக்கத்தில் பிறந்த ஏற்பாடு. இந்தியாவில் கல்வி, ஆய்வு நெட்வொர்க் அமைப்பான எர்நெட் பார்த்துக்கொள்கிறது. இதில் சேர்ந்த எந்தக் கல்வி நிறுவனத்துக்குப் போனாலும் நம் அலுவலக ஐ.டி.யிலேயே அங்குள்ள வைஃபையில் நுழையலாம். ஒரு பயிற்சிக்காக வேறு மாநிலப் பல்கலைக்கழகம் போயிருந்தேன். கூட வந்தவரின் போன் பையிலிருந்து எடுக்கும் முன்பே இணைந்துவிட்டது, எனக்கு வரவில்லை. காரணம், நான் வெறும் ஊழியர் எண்ணை மட்டும் போட்டிருந்தேன். சொந்த வளாகத்தில் அது போதும். வெளியூரில் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருக்கும் பல்கலைக்கழகப் பெயரைப் பார்த்துத்தான், இந்த ஆளை எந்த ஊரில் விசாரிப்பது என்று அந்த சர்வர் முடிவு செய்கிறது. முகவரி இல்லாத கடிதம் எங்கே போகும்? வீட்டிலேயே முழுப் பெயரையும் போட்டு இணைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் வீட்டில் எஜுரோம் இல்லையே. ஊரை விட்டுக் கிளம்புமுன் நம் வளாகத்தில் செய்யுங்கள்.

பேராசிரியர்களின் கணக்கு வேறு. 2025 ஜனவரியில் மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கி, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்த பிறகு, அவர்களுக்கு இந்த ஒரே ஐ.டி. வரமாகிவிட்டது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற லாகின் ஏற்பாடு வழியாக வீட்டிலிருந்தே நுழைந்து படிக்கிறார்கள். எனக்கு அதில் வேலையில்லை.

வைஃபை பற்றிச் சுருக்கமாக: புதிய கட்டடத்தில் பிரமாதம். எங்கள் பழைய கட்டடத்தில் சுவர் ஒன்றரை அடி கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. ஒயரே கதி.

தீராத பிரச்சினை ஒன்று. மின்சாரம் போனால் எங்கள் அறை சிஸ்டங்கள் யு.பி.எஸ்.ஸில் ஓடும், ஆனால் காரிடாரில் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச் அணைந்துவிடும். கூரையில் உள்ள வைஃபை பெட்டிகளுக்கும் மின்சாரம் அந்தச் சுவிட்சிலிருந்து லேன் ஒயர் வழியாகத்தான் போகிறது என்பதால் அதுவும் சேர்ந்து படுக்கும். எரிகிற திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். அங்கே யு.பி.எஸ். லைன் இழுப்பது மின்பிரிவின் வேலையா, கம்ப்யூட்டர் சென்டரின் வேலையா என்று கோப்பு இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. இதற்கிடையில் எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணன், அறையின் யு.பி.எஸ். பிளக்கிலிருந்து கதவுக்கு மேல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துச் சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டார். ஆய்வுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் கழற்றிச் சுருட்டி பீரோவுக்குள் வைப்போம். அவர்கள் படி இறங்கியதும் மறுபடி மாட்டிவிடுவோம்.