எச்சரிக்கை: சக் பெர்ரி ‘ஒரிஜினல் ஹிட்ஸ்’ எல்பி வாங்குகிறீர்களா? லேபிளைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

‘சக் பெர்ரி, 1950களின் ஒரிஜினல் ஹிட்ஸ், சீல் பிரிக்காத எல்பி’ (இசைத்தட்டு) என்று போட்டு ஒரு ஆன்லைன் விற்பனையாளர் அனுப்பியது, 1967-ல் மெர்க்குரி நிறுவனம் வெளியிட்ட ‘கோல்டன் ஹிட்ஸ்’ ஆல்பத்தை. லிஸ்டிங்கில் முன்னட்டைப் படம் மட்டும்தான் இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், ‘சீல் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது’ என்று ஒரு வரி பதில்.

தட்டு போலி இல்லை. பாடுவது அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியேதான், பாட்டுகளும் அதே பாட்டுகள்தான். ஆனால் ஒலிப்பதிவு 1950களில் செய்ததல்ல.

பெர்ரி 1955 முதல் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸுக்குப் பாடிக்கொண்டிருந்தார். ‘மேபெலீன்’ (1955), ‘ரோல் ஓவர் பீத்தோவன்’ (1956), ‘ஜானி பி. குட்’ (1958) எல்லாம் செஸ் வெளியீடுகள். 1966-ல் மெர்க்குரிக்கு மாறினார். அவர் போனாலும் பழைய மாஸ்டர் டேப்புகள் (மூல ஒலிநாடாக்கள்) செஸ்ஸிடமே இருந்தன. மெர்க்குரி அவற்றைத் தொட முடியாது. அதனால் அதே ஹிட்களை அவரை வைத்தே மறுபடி பதிவு செய்து ஆல்பமாக்கினார்கள். சட்டப்படி இதில் தப்பே இல்லை. அதை ‘1950களின் ஒரிஜினல்’ என்று விற்பதுதான் மோசடி.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 1967-ல் செஸ்ஸும் ‘கோல்டன் டிகேட்’ என்று இரட்டைத் தட்டுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் இருப்பவை அசல் பதிவுகள். இரண்டிலும் ‘கோல்டன்’ இருப்பதால் விவரம் தெரியாத கடைக்காரர்கள்கூட மாற்றிச் சொல்வதுண்டு.

வாங்குவதற்கு முன் பின்னட்டை, நடு லேபிள் இரண்டின் படத்தையும் கேளுங்கள். மெர்க்குரி லேபிளில் எஸ்ஆர் 61103 (ஸ்டீரியோ, அதாவது இடம்-வலம் தனித்தனி ஒலி) அல்லது எம்ஜி 21103 (மோனோ, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி) என்றிருந்தால் அது மறுபதிவு. வேறு ஏதோ பெயரில் வரும் மலிவுத் தொகுப்பாக இருந்தால் பாட்டுப் பட்டியலில் ‘கிளப் நிட்டி கிரிட்டி’ இருக்கிறதா என்று தேடுங்கள். ‘கோல்டன் ஹிட்ஸ்’ ஆல்பத்தில் புதிதாகச் சேர்த்த பாட்டு அது. பழைய ஹிட்களோடு அதுவும் ஒரே தட்டில் இருந்தால் மொத்தமும் மெர்க்குரி சரக்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வட்டத்துக்குள் பி (ஒலிப்பதிவு உரிமைக் குறி) போட்ட ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம்; தொகுப்பு வெளியான ஆண்டையே அங்கே அச்சடிப்பவர்கள் நிறைய.

கேட்டுப் பார்த்தால் ‘மேபெலீன்’ போதும். செஸ் பதிவில் ஆம்ப்ளிஃபயர் கரகரக்க கிட்டார் பாயும். வில்லி டிக்சனின் பாஸ் வாத்தியம், ஜானி ஜான்சனின் பியானோ எல்லாம் ஒரே அறையில் முட்டிமோதி ஒன்றாக வரும். மெர்க்குரியின் ஸ்டீரியோ தட்டில் கருவிகள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்கும். சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வெறி இருக்காது.

டிஜிட்டல் கோப்பாக வாங்கியிருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோ டிராக்குகளாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ‘இன்வர்ட்’ (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். 1955-ன் மோனோ பதிவை அப்படியே போட்டிருந்தால் ஒன்றையொன்று அடித்து ஏறக்குறைய நிசப்தமாகிவிடும். பாட்டு நன்றாகவே மிஞ்சினால் அது ஸ்டீரியோ மறுபதிவாக இருக்கலாம், அல்லது மோனோவை ஒரு பக்கம் பாஸ் (கனத்த ஒலி), மறுபக்கம் ட்ரெபிள் (கூர்மையான ஒலி) என்று இழுத்துச் செய்த போலி ஸ்டீரியோவாக இருக்கலாம். எல்பியிலிருந்து எடுத்த கோப்புக்கு இந்தச் சோதனை சரிவராது. முள் ஓடும் பள்ளத்தின் இரு சுவர்களும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது.

ஐரோப்பாவில் அச்சாகும் மலிவு எல்பிகளிலும் கவனம் தேவை. 1962 முடிவு வரை வெளியான பதிவுகளுக்கு அங்கே உரிமைக் காலம் முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அசல் செஸ் பதிவுதான் இருக்கும், ஆனால் பல சமயம் ஏதோ ஒரு சிடியிலிருந்து எடுத்து, இரைச்சலோடு சேர்த்து டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) ஓசையையும் துடைத்திருப்பார்கள்.

அசல் வேண்டும் என்றால் 1982-ல் செஸ் பெயரில் வந்த ‘தி கிரேட் ட்வென்டி-எய்ட்’ வாங்குங்கள். 1955 முதல் 1965 வரையிலான 28 பாட்டுகள். அமெரிக்க பாப் பட்டியலில் அவருக்கு முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு ‘மை டிங்-அ-லிங்’ (1972) அதில் இல்லை. அதனால் பெரிய நஷ்டமும் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், ‘பிடிக்கவில்லை’ என்று எழுதாமல் ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல’ என்று எழுதுங்கள். இந்திய விற்பனையாளர் என்றால், விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகளே சொல்கின்றன. சீல் பிரித்ததைக் காரணம் காட்டி மறுத்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். லிஸ்டிங்கின் ஸ்கிரீன்ஷாட், லேபிள் படம், அவர்கள் மறுத்த பதில் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் லிஸ்டிங்கைத் திருத்திவிடுவார்கள்.