இல்லப் போட்டிச் சாமான்கள்: ஐந்து பருவம் பாவித்த பிறகு

பொங்கல் முடிய, மாணவரை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் ஓட்டம், பாய்தல், எறிதல் போட்டிகளுக்காக யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு அறைப் பூட்டுத் திறபடும். இல்லத் தலைவர்களும் மாணவத் தலைவர்களும் அதற்குள் இறங்கி அளவுநாடா, முளை, கயிறு, அஞ்சல் கோல், குண்டு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார்கள். இந்தப் பகிர்வு அந்தச் சாமான்களையும், அவற்றோடு மாணவர் கையில் விடப்படும் வேலைகளையும் பற்றியது. இல்ல அலங்காரத்தைப் பற்றி இதில் ஒன்றுமில்லை. இல்லக் காசில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. புள்ளியைத் தீர்மானிப்பதோ ஒரு நல்ல நாடாவும் நாலு முளையும்.

நாடாவில் இருந்தே தொடங்கலாம். 50 மீற்றர் நாடா இரண்டு வகை: உருக்கு, நார். நார் நாடா துருப்பிடிக்காது, மடிந்தாலும் உடையாது, சின்னப் பிள்ளைகளிடமும் கொடுக்கலாம். ஆனால் இழுத்த இழுப்புக்கு நீளும். இரண்டு மூன்று பருவம் போக முதல் மீற்றரின் எழுத்துகளும் அழிந்துவிடும். உருக்கு நாடாவுக்குப் பகை மண். ஈரமண்ணோடு சுற்றி வைத்தால் அடுத்த வருடம் துருவோடுதான் வெளியே வரும். ஒயில் தோய்த்த துணியால் துடைத்துத் துடைத்துச் சுற்றினால் பல வருடம் நிற்கும். தடம் அளக்க உருக்கு, பாய்தலும் எறிதலும் அளக்க நார் என்று பிரித்துப் பாவிப்பதே நல்லது. அளவு பிழைத்தால் "வெயிலுக்கு நாடா நீண்டிட்டுது" என்று சொல்வார்கள். 10 பாகை வெப்பம் கூடினாலும் 50 மீற்றர் உருக்கு நீள்வது 6 மில்லிமீற்றர் அளவுதான். பிழை கிடப்பது நாடா பிடித்த கையில்.

பெரும்பாலான பள்ளிகளில் 400 மீற்றர் தடத்துக்கு இடமில்லை, 200 மீற்றர்தான். ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 40 மீற்றர், ஒவ்வொரு வளைவும் 60 மீற்றர் என்று வைத்தால் கணக்கு இலகு. ஓடுபவரின் பாதை உட்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி அளக்கப்படும் என்பதால், உட்கோட்டின் ஆரை 18.90 மீற்றர். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீற்றர். ஆறு தடத்துக்குக் குறைந்தது 93 மீற்றர் நீளமும் 53 மீற்றர் அகலமும் தேவை. 100 மீற்றர் ஓட்டம் இதற்குள் அடங்காது. அதை மைதானத்தின் மூலைக்கு மூலை தனியாகப் போட வேண்டும். முடிவுக்கோட்டுக்கு அப்பால் ஓடி நிற்க 17 மீற்றராவது விட வேண்டும். மதில் பக்கம் முடிவுக்கோடு போட்ட மைதானங்களில் பிள்ளைகள் கடைசி 10 மீற்றரில் வேகத்தைக் குறைப்பதைப் பார்க்கலாம்.

வளைவுகளின் மைய முளை இரண்டும்தான் முழுத் தடத்துக்கும் உயிர். வருடாவருடம் தேடி அடிக்காமல், இரும்புக் கம்பியைச் சீமெந்தில் பதித்து, தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். இரண்டு மதில்களிலிருந்து அதற்கான தூரத்தைக் கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த வருடம் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். நேர்ப்பகுதியின் நாலு மூலைகளும் செங்கோணத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க மூலைவிட்டம் அளப்பார்கள். இந்தத் தடத்தில் அது 55.03 மீற்றர். 50 மீற்றர் நாடா எட்டாது. நீளாத கயிறு ஒன்றில் அடையாளம் போட்டு இரண்டு மூலைவிட்டத்துக்கும் பிடித்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு மூலையிலும் 6, 8, 10 மீற்றர் முக்கோணம் போதும்.

இனி, அதிகம் பிழைக்கிற இடம். வெளித்தடங்களில் ஓடுபவர்களை முன்னுக்கு நிறுத்தும் தூரத்தைப் புத்தகத்தில் பார்த்து எழுதுவார்கள்: இரண்டாம் தடத்துக்கு 7.04 மீற்றர், மூன்றாவதுக்கு 14.70. இவை முதல் தடத்தின் உள்விளிம்பில் உயர்ந்த கட்டு உள்ள மைதானத்துக்கானவை. அங்கே முதல் தடம் மட்டும் கட்டிலிருந்து 30 சென்ரிமீற்றரில் அளக்கப்படும். எங்கள் மைதானங்களில் இருப்பது வெறும் வெள்ளைக்கோடு. எல்லாத் தடமும் 20 சென்ரிமீற்றரில்தான் அளக்கப்படும். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு தடத்துக்கும் 7.67 மீற்றர். புத்தக எண்ணைப் போட்டால் வெளித்தடத்தில் நிற்கிற பிள்ளை ஒவ்வொருவரும் 63 சென்ரிமீற்றர் கூட ஓடுவார்கள். முதலாம் இடமும் மூன்றாம் இடமும் அதற்குள் மாறிப்போகும். இந்த 7.67 வளைவின் ஆரையில் தங்கியதில்லை. தட அகலம் 1.22 ஆக இருந்தால் எந்த வெள்ளைக்கோட்டு மைதானத்துக்கும் அதே எண்தான்.

4×100 அஞ்சலோட்டம் இந்தத் தடத்தில் இரண்டு சுற்று. தொடக்கம் வளைவின் முகப்பில் இருந்தால் இரண்டாம் தடத்துக்கு 15.33 மீற்றர் முன்னால் தொடக்கக்கோடு. முதல் மாற்றத்துக்கு 11.50, இரண்டாவதுக்கு 7.67, மூன்றாவதுக்கு 3.83. மூன்றாம் தடத்துக்கு இவற்றின் இரட்டிப்பு. கோல் மாற்றும் வலயம் இப்போது 30 மீற்றர்: மாற்றக்கோட்டுக்கு வந்து சேர முதல் 20, அதைத் தாண்டி 10. பழைய 20 மீற்றர் வலயமும் அதற்கு முன்னே 10 மீற்றர் ஓடுவெளியும் போடும் மைதானங்கள் இன்னும் உண்டு. பயிற்சி ஒரு விதியிலும் போட்டி மற்ற விதியிலும் நடந்தால் வேறு எதையும் குறை சொல்லிப் பயனில்லை. அஞ்சல் கோல் 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், 50 கிராமுக்குக் குறையாத எடை. பிவிசி குழாயில் வெட்டிய கோல் மலிவு, பயிற்சிக்குப் போதும். ஆனால் வெட்டிய விளிம்பை உரஞ்சி மழுக்காவிட்டால் உள்ளங்கையைக் கீறும்.

கோடு போட நீறிய சுண்ணாம்பைப் பாவிப்பதை நிறுத்த வேண்டும். ஈரத்தில் தோலையும் கண்ணையும் அது பொசுக்கும். குண்டும் நீளம் பாய்தலும் நடக்கிற இடத்தில் பிள்ளைகள் விழுந்து எழும்புகிறார்கள். அரைத்த சுண்ணக்கல் தூள் கண்ணுக்கு அவ்வளவு கேடு செய்யாது, வெண்மையும் போதும். கழிவு ஒயில் ஊற்றிக் கோடு போட்டால் புல் கருகி வருடக்கணக்கில் அடையாளம் நிற்கும் என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். வேண்டாம். எங்கள் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் ஒயில் கலந்த பிரச்சினையை மறந்திருக்க மாட்டீர்கள். "தைப்பனி தரையைப் பிளக்கும்" என்பார்கள். காலை ஏழு மணிக்குப் போட்ட கோடு அந்தப் பனியில் திரண்டு கட்டியாகும். பனி காய்ந்து எட்டரைக்குப் பிறகு போட்டால் தூளும் மிச்சம்.

மாரி முடிந்த மைதானத்தில் இன்னொரு தொல்லை நெருஞ்சி. கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். காய் முற்ற முதல் வேரோடு பிடுங்க வேண்டும். முற்றிவிட்டால் நனைத்த சாக்கை மைதானம் முழுக்க இழுத்தால் முள் அதில் ஒட்டி வரும். சிரமதானம் என்று ஐம்பது பேரைக் கூப்பிட்டு நிழலில் குப்பை பொறுக்க விடுவதிலும், பத்துப் பேர் இரண்டு சாக்கோடு ஒரு மணித்தியாலம் நடப்பது பயன்.

எறிதலில் ஒரு சின்ன உத்தி. குண்டு போடும் வட்டம் 2.135 மீற்றர் விட்டம். விழும் பரப்பின் கோணம் 34.92 பாகை. பாகைமானி தேவையில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீற்றர் நீளமான இரண்டு கோடுகளின் நுனிகள் 12 மீற்றர் இடைவெளியில் இருந்தால் கோணம் சரி. பாய்தல் குழி மணலை முதல்நாள் பின்னேரம் ஓரடி ஆழத்துக்குக் கொத்தி நனைத்து, பாயும் பலகையின் மட்டத்துக்குச் சமப்படுத்தி விடுங்கள். காய்ந்த மணலில் கால் பட்ட தடம் இடிந்து விழும். அளக்கிறவருக்கும் பாய்ந்தவருக்கும் சண்டை வரும்.

நேரம் எடுக்கும் மாணவருக்கு ஸ்ரொப்வோச்சின் விலை பெரிதில்லை, பழக்கம் பெரிது. தொடக்கத் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டு அமத்தினால் 100 மீற்றர் தூரத்துக்கு 0.29 செக்கன் பிந்தும். புகையைப் பார்த்து அமத்த வேண்டும். மரக் கட்டையால் தட்டுவதென்றால் கட்டை மூடுவதைப் பார்க்க வேண்டும். தொடக்குபவர் பின்னால் கறுப்புப் பலகை ஒன்று நிறுத்தினால் இரண்டும் தெளிவாகத் தெரியும். 12.31 என்று காட்டினால் எழுதுவது 12.4, கீழே குறைக்கக் கூடாது. மூன்று பேர் எடுத்து மூன்றும் வேறானால் நடு நேரம், இரண்டு ஒத்தால் அந்த நேரம், இரண்டு பேர் மட்டும் என்றால் கூடிய நேரம். சராசரி எடுப்பது பிழை.

முதலுதவிக் கூடாரத்தில் வலிநீக்கி ஸ்பிறே முதலில் முடியும், அதிகம் உதவியதும் அதில்லை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ், சுற்றத் துணி, நிறையத் தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற் பத்து இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் போதும். நேரே தோலில் வைக்கக் கூடாது. ஜீவனி பைக்கற் ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். கோப்பையில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குவது அங்கே வழக்கமாக நடக்கிற பிழை. சாரணரும் முதலுதவிப் படையும் முடிவுக்கோட்டுப் பக்கம்தான் கூடி நிற்பார்கள். 1500 மீற்றரில் விழுபவர் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் விழுவார், அங்கே இரண்டு பேர் வேண்டும்.

தலைமைத்துவம் என்று சான்றிதழில் எழுதப்படுவது இல்லத் தலைவர் பதவிதான். ஆனால் அந்த நாளில் அதிகம் பொறுப்புச் சுமப்பவர் பதிவு மேசைப் பிள்ளை. பெறுபேற்றுத் தாள் காபன் வைத்து மூன்று பிரதி: ஒன்று மேசைக்கு, ஒன்று அறிவிப்பாளருக்கு, ஒன்று பொறுப்பாசிரியருக்கு. நடுவர் ஒப்பமிட முதல் ஒலிபெருக்கியில் வாசித்தால் திருத்தவே முடியாது. ஒரு கூடாரம் ஏற்கெனவே கைதட்டி முடித்திருக்கும். தொலைபேசியில் கூட்டல் போடுவது வேகம்தான். ஆனால் 16 வயதுக்குட்பட்டோர் புள்ளி 18இன் நிரலில் விழுந்தால் கண்டுபிடிக்கத் தாளே வேண்டும்.

சொந்தப் பதிவுக்குத் தடித்த அட்டை போட்ட சிஆர் கொப்பி ஒன்று போதும். நிகழ்ச்சி, வயதுப் பிரிவு, இடம், நேரம் அல்லது தூரம், செய்த பொறுப்பு, திகதி எல்லாவற்றையும் அன்றே எழுதி, பொறுப்பாசிரியரிடம் மாத முடிவில் ஒப்பம் வாங்க வேண்டும். உயர்தரம் முடித்துவிட்டுத் தேடினால் அவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார். சான்றிதழை லமினேற் செய்வதும் அவசரப்பட்ட வேலை. பிறகு அதன் பின்பக்கத்தில் உறுதிப்படுத்தி முத்திரை குத்த முடியாது. பிளாஸ்ரிக் உறையில் போட்டு வைத்தால் இரண்டும் நடக்கும்.

போட்டி முடிந்த அன்று பின்னேரம் எல்லாரும் கிண்ணத்தோடு படம் எடுக்கும் நேரம்தான் முளைகள் தொலையும். ஒப்படைப்புக் கொப்பியில் முதலில் எண்ணிக்கையை எழுதி, கூடாரம் அவிழ்க்க முதல் முளையைப் பிடுங்கி எண்ணுங்கள். நாடாவைத் துடைப்பதும் அன்றிரவே. அறைச் சாவி திங்கட்கிழமை வேறு யாரிடமோ இருக்கும்.